எஃப்.சி.க்கு நிற்கும் கார்: தமிழ்நாட்டில் டீசல் அம்பாசடரும் தகுதிச் சான்றும்

வாடகைக் காரோ, லாரியோ, பேருந்தோ, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசு ஆய்வாளர் முன்னால் நின்று, சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று பெற்றாக வேண்டும். இந்தியா முழுவதற்கும் இதைச் சட்டமாக்கியது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 38-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனத்தின் பதிவே செல்லாது. தமிழ்நாட்டில் ‘எஃப்.சி.’ என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சான்றைச் சுற்றி ஒரு தொழில் வளர்ந்தது. பட்டறைகள், லேத் கடைகள், பம்ப் சர்வீஸ் நிலையங்கள், பழைய சாமான் கடைகள் எல்லாம் அதில் அடக்கம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலுக்கு நிலையான வாடிக்கையாக இருந்தவற்றுள் ஒன்று, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டீசல் அம்பாசடர் கார்.

சட்டமும் சான்றும்

1939 சட்டத்தின் இடத்துக்கு வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தகுதிச் சான்று அதில் 56-ஆம் பிரிவாயிற்று. அதே ஆண்டு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 62-ஆம் விதி கால அளவை வகுத்தது. புதிய வண்டியின் முதல் சான்று இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2018-இல் இது சற்றுத் தளர்ந்து, எட்டு வயது வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றும், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் என்றும் மாறியது. வண்டி பழசாக ஆக, சோதனை நெருக்கமாக வரவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் அந்த விதியிலேயே இருக்கிறது. முகப்பு விளக்கின் ஒளிக்கற்றை, மற்ற விளக்குகள், பிரதிபலிப்பான்கள், பின்பார்வைக் கண்ணாடி, முன் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், டேஷ்போர்டு கருவிகள், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டியரிங் ஆகியவை அதில் வரும். வண்டி எவ்வளவு ஓடியது, எஞ்சினுக்கு இழுவை இருக்கிறதா, டீசல் எவ்வளவு குடிக்கிறது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. உரிமையாளர் பணம் செலவழிக்கும் வரிசையை இந்தப் பட்டியலே தீர்மானித்தது. எஞ்சின் இழுக்காத கார் இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று விட்டுவிடலாம். ஸ்டியரிங் ஆட்டத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனை நடக்கும் இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அவரை நெடுங்காலமாக பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைத்துவந்திருக்கிறார்கள். வாடகைக் கார் வைத்திருப்பவரின் ஆண்டுக் கணக்கில் இன்சூரன்ஸ், வரி, பர்மிட் ஆகிய தேதிகளோடு எஃப்.சி. தேதியும் சேர்ந்துகொண்டது. முதல் மூன்றையும் பணம் கட்டி முடித்துவிடலாம். எஃப்.சி.க்கு மட்டும் வண்டியே நேரில் போய் நிற்க வேண்டும்.

டீசல் கார் வந்த வழி

பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு மாறியது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர், 1950-களின் பிற்பகுதியில் அங்கிருந்து வெளிவந்தது. முதல் இருபது ஆண்டுகள் அது பெட்ரோல் கார் மட்டுமே. அந்தக் காலத்தில் டீசல் என்றால் லாரி, பேருந்து, டிராக்டர், கிணற்றடி பம்ப்செட். சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சினும், எண்ணூரில் உருவான லேலண்டு வண்டிகளும் டீசல் வேலை தெரிந்த ஒரு தலைமுறையைத் தமிழ்நாட்டில் உருவாக்கியிருந்தன. டீசல் கார் வந்தபோது அதைப் பழுது பார்க்கும் கைகள் தயாராக இருந்ததற்கு இதுவே காரணம்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி கணக்கை மாற்றியது. பெட்ரோல் விலை எகிறியது. விவசாயத்தையும் சரக்குப் போக்குவரத்தையும் கருதி, டீசல் விலையை அரசு குறைவாகவே வைத்திருந்தது. லிட்டருக்கு லிட்டர் விலை குறைவு, அதே லிட்டரில் ஓடும் தூரமும் அதிகம் என்ற இரட்டை லாபம் வாடகைக் காருக்குப் பெரிய ஈர்ப்பு. 1980-ஐ ஒட்டி இந்துஸ்தான் மோட்டார்ஸ், மார்க் 4 அம்பாசடரில் 1,489 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1960-களில் தன் கார்களுக்குப் பயன்படுத்திய எஞ்சின் அது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் இதுவே.

அந்த எஞ்சினின் திறன் சுமார் 37 குதிரைத்திறன்தான். ஐந்து பேரும் மேலே கேரியரில் சாமானும் ஏறினால், மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே பொறுமையாக ஊர்ந்து ஏற வேண்டியிருக்கும். சத்தமும் அதிர்வும் அதிகம். காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும் வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் இதற்குத் தயங்கினாலும், கார் ஸ்டாண்டுகள் தயங்கவில்லை. பிறகு ஜப்பானின் இசுசு வடிவமைப்பில் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் வந்தபோது வேகக் குறையும் ஓரளவு தீர்ந்தது. பேஜோ டீசல் எஞ்சின் ஏற்றிய மகிந்திரா ஜீப், பிரீமியர் 137டி, 1994-இல் வந்த டாடா சுமோ என்று டீசல் வரிசை நீண்டது. பெட்ரோல் அம்பாசடரின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவதும் பட்டறைகளில் வழக்கமாயிற்று. எஞ்சினை மாற்றினால் 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவுப் புத்தகத்தில் பதிந்தாக வேண்டும். பதியாமல் விட்டவர்களுக்கு எஃப்.சி. நாளில் சிக்கல் வந்தது.

வாடகை டீசல் கார் ஓய்வின்றி ஓடியது. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, ரயிலடி என்று பகலும் இரவும் சவாரி. கார்த்திகையில் தொடங்கி தை வரை ஐயப்ப சீசன். பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கமே உண்டு. லட்சம் கிலோமீட்டரைத் தொட்டதும் அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து, எண் நின்றுபோன வண்டிகளும் ஏராளம். அதனால் காரின் வயதை மீட்டரை வைத்துச் சொன்னவர்கள் குறைவு. எத்தனை எஃப்.சி. பார்த்த வண்டி, எத்தனை முறை எஞ்சின் இறக்கிய வண்டி என்பதே கைமாறும்போது கேட்கப்பட்ட கேள்வி. அனைத்திந்திய சுற்றுலா பர்மிட் வாடகைக் காருக்கு ஒன்பது வயது வரையே செல்லுபடியாக இருந்தது. அந்த வயதைத் தாண்டிய கார் அத்தோடு ஓய்வு பெறவில்லை. சின்ன ஊரின் ஸ்டாண்டுக்கு வந்து, உள்ளூர் சவாரியில் தொடர்ந்தது. எஃப்.சி. வேலையின் பாரம் கூடியதும் அப்போதுதான்.

எஃப்.சி. வேலை

தேதி முடிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே கார் பட்டறைக்குள் போகும். தேதி கார்த்திகை மார்கழியில் விழுந்தால், சீசன் சவாரியை இழக்க மனமில்லாமல் ஐப்பசியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. முதல் வேலை வாட்டர் வாஷ். அடிப்பாகத்தில் ஒட்டிய சேறும் ஆயிலும் போனால்தான் எது ஒழுகுகிறது, எது துருவேறியிருக்கிறது என்று தெரியும். பிறகு மெக்கானிக் காரைச் சுற்றி வந்து பட்டியல் சொல்வார். எதை இப்போதே செய்தாக வேண்டும், எதை அடுத்த எஃப்.சி. வரை தள்ளலாம் என்ற பேரம் அந்த இடத்தில் நடக்கும்.

பட்டியலின் முதலில் எப்போதும் பிரேக். ஆரம்பகால அம்பாசடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர் இருக்கும். டிரம்மைக் கழற்றினால் மூன்று குறைகள் கண்ணில் படும்: தேய்ந்து ரிவிட் தலை தெரியும் லைனிங், உட்புறம் வரிவரியாகக் கீறல் விழுந்த டிரம், பிரேக் ஆயில் கசிந்து நனைந்த ஷூ. டிரம் லேத்துக்குப் போய்க் கடைசல் பிடித்து வரும். ஷூவில் பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை ரிவிட் அடிப்பார்கள். வீல் சிலிண்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர் பக்கெட் விழும்.

கடைசியில் ஏர் லாக் எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைப் பலமுறை அடித்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்துச் சக்கரத்தின் நிப்பிளைத் திறப்பார். காற்றுக் குமிழியோடு ஆயில் பீய்ச்சும். பெடல் மேலே எழும்புவதற்குள் நிப்பிளை மூடிவிட வேண்டும். குமிழி வராமல் ஆயில் மட்டும் வரும்வரை நான்கு சக்கரத்திலும் இதையே செய்வார்கள். பெடல் பாதியிலேயே கல்லாக நிற்கிறதா என்பதுதான் இந்த வேலைக்கு அளவுகோல்.

அடுத்தது ஸ்டியரிங்கும் முன்பக்கமும். அம்பாசடரின் முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் இல்லை. காரின் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். பல ஆண்டு ஓட்டத்தில் அது தளர்ந்து கார் ஒரு பக்கம் சாயும். பாரின் பிடியை மாற்றிவைத்து உயரத்தைச் சமன் செய்வது மெக்கானிக்கின் கைவேலை. கிங்பின்னும் அதன் புஷ்ஷும் ஒழுங்காக கிரீஸ் அடித்தால் நெடுநாள் உழைக்கும். அடிக்காவிட்டால் சீக்கிரமே ஆட்டம் கொடுக்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின் ஆட்டமும், இரு பக்கமும் பிடித்து அசைத்தால் டை ராட் ஆட்டமும் கைக்குத் தெரியும். ஆய்வாளரும் இதே வழியில் பார்ப்பதால், பட்டறையில் இது ஒத்திகை போலவே நடந்தது. பின்பக்கம் உடைந்த லீஃப் பிளேட்டை மாற்றி, ஷேக்கிள் புஷ் போட்டால் சஸ்பென்ஷன் வேலை முடியும்.

டிங்கர் வேலைதான் பெரும்பாலும் அதிக நாள் இழுப்பது. லாரிக்கு இருப்பது போலத் தனிச் சட்டகம் அம்பாசடருக்குக் கிடையாது. பாடியும் அடித்தளமும் சேர்ந்து ஒரே கூடாக பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் தரையில் துரு விழுந்தால் அது வெறும் அழகுக் குறை அல்ல. கதவுக்கு அடியிலுள்ள பெட்டிச் சட்டகம் மெலிந்துவிட்டால், ஜாக்கி வைக்கும்போதே தகடு உள்ளே அமுங்கும். கதவுகள் சரியாக மூடாது. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து கேஸ் வெல்டிங்கில் பிடித்து, அடியில் தார்ப்பூச்சு கொடுப்பது முறையான வேலை. தகடு மாற்றாமல் ஓட்டையை அடைத்து, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைப்பதும் நடந்தது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டியது.

பிறகு எலக்ட்ரீஷியன் வருவார். இரண்டு முகப்பு விளக்கும் டிம், பிரைட் மாற வேண்டும். எதிரே வருபவர் கண் கூசாதபடி கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு வைப்பது வழக்கம். இண்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் பிளேட் லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் ஒரு சுற்று. விரிசல் விட்ட முன் கண்ணாடி, தேய்ந்த டயர், ஓட்டை விழுந்த சைலன்சர் ஆகியவை தனிச் செலவு. முதலுதவிப் பெட்டியும் ஒளிரும் ஸ்டிக்கரும் கடைசி நாளில் வாங்கப்பட்டன. மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், லேத்காரர், ரேடியேட்டர் கடை, குஷன் கடை என்று ஒரே காரில் ஏழெட்டுத் தொழிலாளிகளின் கை பட்டது. சிற்றூர்களில் இவர்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்ததற்கு இந்தத் தொடர் வேலை ஒரு காரணம்.

புகையும் பம்ப்பும்

பெட்ரோல் காருக்கு இல்லாத தலைவலி டீசல் காரின் புகை. அதன் நிறமே நோயைச் சொல்லும். கறும்புகை என்றால் எரிவதற்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மீறி விழுகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு கைடு தளர்ந்திருக்கலாம். வெண்புகை என்றால் டீசல் முழுதும் எரியாமல் வெளியேறுகிறது; கம்ப்ரஷன் குறைந்திருக்கும், அல்லது பம்ப் டைமிங் பிந்தியிருக்கும். ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் வெண்மையாகத்தான் வரும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதை வைத்து அதைப் பிரித்தறிவார்கள்.

மலிவான சிகிச்சையிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் ஏர் கிளீனர், டீசல் ஃபில்டர், அடுத்து நாசில். தேய்ந்த நாசில் டீசலைப் பனிப்படலமாகச் சிதறடிக்காமல் சொட்டு சொட்டாக விடும். அந்தச் சொட்டு பாதி எரிந்து கரியாகும். நாசிலைக் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அடித்தால், எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எப்படித் தெளிக்கிறது என்று தெரியும். அதன் பிறகும் புகை அடங்காவிட்டால் எரிபொருள் பம்ப் இறங்கும். பி.எம்.சி. டீசல் எஞ்சினில் இருந்தது சி.ஏ.வி. வகை ரோட்டரி பம்ப். அதைச் சாதாரணப் பட்டறையில் பிரிக்க மாட்டார்கள். தூசி படாத அறையும், சோதனை பெஞ்சும் உள்ள பம்ப் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்புவார்கள். பெஞ்சில் மோட்டார் பம்ப்பைச் சுழற்ற, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் விழும். எல்லாக் குழாயிலும் மட்டம் ஒன்றாக வரும்வரை சரிசெய்வார்கள். கோவை, மதுரை, சேலம் போன்ற ஊர்களில் லாரியையும் பேருந்தையும் நம்பி வளர்ந்த இந்த நிலையங்கள் டீசல் காருக்கும் கைகொடுத்தன. இத்தனைக்கும் பிறகும் நீலப்புகை அடங்காவிட்டால் எஞ்சினை இறக்கி, போர் செய்து அல்லது ஸ்லீவ் போட்டு, பிஸ்டன் செட் மாற்றுவது ஒன்றே வழி.

தொடக்கத்தில் புகையைக் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதி அதற்கு எண் கொடுத்தது. புகைமானியில் ஒரு முனையிலிருந்து ஒளி பாய்ச்சி, புகையைத் தாண்டி மறுமுனைக்கு எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். தெளிந்த காற்று 0, ஒளியே ஊடுருவாத புகை 100. பழைய டீசல் வண்டிக்கு உச்ச வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ். 4) புகைத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு அது 50.

அளக்கும் விதமும் கடுமையானது. எஞ்சின் நன்கு சூடேறிய பின், கியர் போடாமல், ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்து எஞ்சினை அதன் உச்ச சுழற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பலமுறை செய்து அளவீடுகளின் சராசரியை எடுப்பார்கள். அன்றாட ஓட்டத்தில் அந்தச் சுழற்சியை எட்டாத கிழ எஞ்சினுக்கு இது சோதனையேதான். சைலன்சரில் ஆண்டுக்கணக்கில் படிந்த கரி முதல் மிதியிலேயே மேகமாக வெளியேறும். டைமிங் பெல்ட் உள்ள இசுசு, டாடா இண்டிகா எஞ்சின்களில், நாள்பட்ட பெல்ட் அந்த மிதியில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதனால் விவரமான மெக்கானிக்குகள் பெல்ட்டை முன்கூட்டியே மாற்றி, சோதனைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் காரை விரட்டி ஓட்டி, படிந்த கரியைக் கழித்த பின்பே புகைமானி முன் நிறுத்துவார்கள்.

குறுக்கு வழியும் இருந்தது. பம்ப்பில் உச்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்று மாற்றினால் டீசல் குறைந்து புகையும் குறையும். இழுவையும் சேர்ந்தே போகும். சான்று கைக்கு வந்ததும் திருகு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பம்ப் நிலையங்கள் சீல் வைத்து அனுப்பியது இதைத் தடுக்கத்தான். ஆனாலும் அந்த சீல் நெடுநாள் நிலைத்த கார்கள் குறைவு.

ஆய்வு நாள்

எஃப்.சி. நாள் காலையில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டிகள் வரிசைகட்டும். எலுமிச்சம்பழம் கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, புதுப் பெயிண்ட் வாசனை போகாத கார்களும் லாரிகளும் பள்ளி வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதலில் காகிதங்கள்: பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ், வரி, பர்மிட், புகைச் சான்று. அடுத்து சேஸி எண். தகட்டில் பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவாட்டில் தேய்த்தால், எண் தாளில் வெள்ளையாகத் தெரியும். அந்தத் தாளைப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். திருட்டு வண்டியையும், இரண்டு கார்களை வெட்டி ஒட்டிய வண்டியையும் பிடிக்க இதைவிட எளிய கருவி இல்லை. எண் பொறித்த இடத்தில் பட்டியோ பெயிண்ட்டோ ஏறாமல் பார்த்துக்கொள்வது டிங்கரின் பொறுப்பு.

பிறகு விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடி, டயர் ஆகியவற்றைச் சுற்றிப் பார்ப்பார் ஆய்வாளர். ஸ்டியரிங் வளையத்தை இலேசாகத் திருப்பி எவ்வளவு தூரம் வெறுமனே சுழல்கிறது என்று கவனிப்பார். காரைச் சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லித் திடீர் பிரேக் போடச் சொல்வார். ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் தரையில் தேய்த்த தடம் விட்டாலோ வேலை சரியில்லை என்று பொருள். குறை இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்; சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். தேறினால் 38-ஆம் எண் படிவத்தில் சான்று.

கண்ணையும் கையையும் காதையும் நம்பிய இந்த ஆய்வுக்கு எல்லைகள் இருந்தன. பட்டிக்கு அடியில் ஒளிந்த துரு கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் காரிலிருந்து நல்ல டயரைக் கழற்றி மாட்டி வந்து, சான்று பெற்றபின் திருப்பிக் கொடுத்தால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆளுக்கு ஆள் கண்டிப்பு மாறியது. இடைத்தரகர்கள் நுழைந்ததும் அந்த இடைவெளியில்தான். இருந்தாலும், சட்டம் கட்டாயப்படுத்தியிராவிட்டால் பிரேக் டிரம்மைக் கழற்றியே பார்த்திராத கார்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாகப் பிரிக்கப்பட்டன. பழைய கார்கள் அத்தனை காலம் சாலையில் நின்றதில் இந்தக் கட்டாயப் பராமரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

உதிரிபாகங்களின் ஊர்கள்

அம்பாசடர் உத்தர்பாராவில் உருவானாலும், அதைப் பழுதுபார்க்க வேண்டிய சாமான்களில் பல சென்னையிலேயே தயாராயின. பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்பாகங்களையும், 1962-இல் வந்த பிரேக்ஸ் இந்தியா பிரேக் பாகங்களையும் செய்தன. செம்பியத்தில் 1949-இல் நிறுவப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டனும் ரிங்கும் கொடுத்தது. ரானே குழுமம் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் பிரேக் லைனிங்குக்கும் பெயர் பெற்றது. டீசல் பம்ப்புக்கும் நாசிலுக்கும் 1951-இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ நாடெங்கும் அறிந்த பெயர்.

புதுச் சாமான் வாங்குபவர்கள் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனார்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. கொங்கு வட்டாரத்தில் கோவை உக்கடம். உடைக்கப்பட்ட கார்களிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், கதவு, கண்ணாடி எல்லாம் அங்கே பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பாசடரின் அடிப்படை வடிவம் மாறாமல் இருந்தது இந்தச் சந்தைக்குப் பெரும் வசதி. ஒரு தலைமுறை முந்தைய காரின் கதவு அடுத்த தலைமுறைக் காருக்குச் சிறு ஒட்டு வேலையோடு பொருந்தியது. இருபது வயதுக் காருக்கு எஃப்.சி. வேலை பார்ப்பது கட்டுப்படியானதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

சொந்தக் காரின் பதினைந்து ஆண்டு

சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுதோறும் சான்று தேவையில்லை. 1988 சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி அதன் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஆய்வாளரிடம் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். இதையும் மக்கள் எஃப்.சி. என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் புதுப்பிக்கும்போது பசுமை வரியும் கட்ட வேண்டும். இந்த வரிசையில் நின்ற டீசல் அம்பாசடர்களில் அரசு ஏலத்தில் எடுத்தவை நிறைய. துறை அதிகாரிகள் பயன்படுத்தி முடித்த ஜீப்பும் காரும் ஏலத்துக்கு வரும்போது, மெக்கானிக்குகளே கூட்டாகச் சேர்ந்து எடுத்து, வேலை பார்த்து விற்பார்கள். வாடகைக் காரின் குறை அதிக ஓட்டம் என்றால், இவற்றின் குறை நெடுநாள் ஓடாமல் நின்றது: இறுகிய வீல் சிலிண்டர், துருவேறிய டீசல் டேங்க், எலி கடித்த ஒயர்.

சரிவு

1998 இறுதியில் டாடா இண்டிகா டீசல் வந்ததும் கார் ஸ்டாண்டுகளின் முகம் மாறத் தொடங்கியது. ஏ.சி. வசதி, குறைந்த டீசல் செலவு, எளிய கடன் ஆகியவை இளைய ஓட்டுநர்களை அந்தப் பக்கம் இழுத்தன. மறுபக்கம் புகை விதிகள் இறுகின. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 கட்டாயமானது; 2017 ஏப்ரலில் நாடு முழுவதும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. பழைய வடிவமைப்பை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வைப்பது கடினமாயிற்று. பி.எஸ். 4 தரத்தில் ஒரு அம்பாசடர் 2013-இல் வந்தாலும், 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. டீசல் காரைப் பிறப்பித்த விலை இடைவெளி அதோடு சுருங்கியது.

2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வயதைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் தடை விதித்தது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. இங்கே தகுதிச் சோதனையில் தேறும் வரை கார் ஓடலாம். ஆனால் 2021-இல் வந்த வாகனக் கழிவுக் கொள்கை கட்டண வழியாக அழுத்தம் கொடுத்தது. 2022 ஏப்ரல் 1 முதல், 15 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆயிற்று. 15 வயதைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது என்றானதும், ஏலக் கார்களின் ஊற்றும் அடைபட்டது.

ஆய்வு முறையும் மாறிவருகிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களில் உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் இயந்திரம் அளக்கிறது. சக்கரம் பக்கவாட்டில் நழுவும் அளவு, விளக்கின் ஒளிக்கோணம், புகையின் அடர்த்தி எல்லாம் எண்ணாகவே பதிவாகின்றன. வீல் சிலிண்டர் ஒன்று மட்டும் இறுகியிருந்தாலும் இடவலப் பிரேக் விசையில் வேறுபாடு தெரிந்துவிடும். இந்த முறையில் தேற வேண்டுமானால் பெயிண்ட்டைவிட பிரேக்குக்கும் பம்ப்புக்கும் முதலில் பணம் போக வேண்டும். டிரம் கடைசலும் நாசில் சோதனையும் தெரிந்த பட்டறைகளுக்கு மிச்சமிருக்கும் டீசல் அம்பாசடர்கள் இன்னும் வேலை கொடுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இப்போது வாடகைக்கு ஓடுபவை அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக்கு வரும் சொந்தக் கார்கள்.